சாக்கலேட்டு என்னும் பெயர் எதற்கு உரியது?



ஒரு பொருளுக்குப் பெயர் இருப்பது ஒன்று. அப்பெயருக்கு எல்லை இருப்பது மற்றொன்று. எல்லையில்லாப் பெயர் வேலியில்லாப் புன்செய் போன்றது. எவர் மாடும் அதில் மேயும். சாக்கலேட்டு என்னும் சொல் இன்று தமிழ்நாட்டில் அந்நிலையில்தான் கிடக்கிறது. பிறந்தநாளுக்குப் பள்ளிப் பிள்ளைகட்கு வழங்கும் புளிப்பு மிட்டாயும் சாக்கலேட்டு. சில்லறைக் காசுக்கு ஈடாகக் கடைக்காரர் நீட்டும் இஞ்சி மிட்டாயும் சாக்கலேட்டு. பளபளக்கும் தாளில் சுற்றிய எதுவும் சாக்கலேட்டு. அவற்றுட் பலவற்றில் கொக்கோவின் மணங்கூட இல்லை. அச்சொல்லைக் கொண்டு விற்போர்க்கு இது பெருவாய்ப்பு, வாங்குவோர்க்கோ பேரிழப்பு.

இதனைச் சிறு தின்பண்டச் செய்தி என்று தள்ளிவிடுதல் கூடாது. அந்தப் பெயரின் எல்லை எது என்பதற்காக ஐரோப்பிய நாடுகள் முப்பது ஆண்டுகள் வழக்காடியுள்ளன. அப்பொருளின் விலையை வகுக்கும் உரிமைக்காக மேலை ஆப்பிரிக்க உழவர்கள் விளைச்சலை வீட்டில் அடைத்துவைத்துப் போராடியுள்ளனர். எனவே, பொருள் யாது, அதன் வகைகள் எவை, எல்லை வகுத்தோர் யாவர், அதனால் இழந்தோர் யாவர் என்பவற்றை வரிசையாகக் காண்பதே இப்பொழிவின் நோக்கம்.

மரமும் சொல்லும்

கொக்கோ மரத்தின் தாயகம், தென்னமெரிக்காவில் அமேசான் ஆற்றின் மேற்பகுதி. ஈக்குவதோர் நாட்டில் அகழ்ந்தெடுத்த பழங்கலங்களில் ஒட்டியிருந்த எச்சங்களை ஆய்ந்து, ஏறத்தாழ 5,300 ஆண்டுகட்கு முன்பே அங்கு வாழ்ந்தோர் கொக்கோவைப் பயன்கொண்டனர் என்று 2018-இல் அறிவியலர் வெளிப்படுத்தினர். பின்னர் நடு அமெரிக்காவின் மாயரும், மெக்சிக்கோவின் அசுட்டெக்கரும் அதனைப் பருகுநீராக்கிக் குடித்தனர். அசுட்டெக்கரிடையே அக்கொட்டை காசாகவும் வழங்கியது. குவாத்தமாலாவின் இரியோ அசூல் என்னுமிடத்துக் கல்லறை ஒன்றில் 1984-இல் ஒரு கலம் கிடைத்தது. அதன்மேல் கக்காவு என்னும் சொல் மாயர் எழுத்திலேயே பொறிக்கப்பட்டிருந்தது. ஏறத்தாழ 1,500 ஆண்டுகட்கு முற்பட்ட கலம் அது. பொருளை ஆக்கியவர்கள் பெயரையும் தாமே ஆக்கி எழுதியும் வைத்தார்கள் என்பதற்கு அக்கலமே சான்று.

அப்பெயர் பிறர் கைக்குப் போனபின் அடைந்த மாற்றத்தைப் பாருங்கள். இசுபானியர் வாயில் அது கக்காவோ ஆயிற்று. ஆங்கிலர் வாயில் எழுத்து முன்பின் மாறி, தென்னையைக் குறிக்கும் சொல்லோடும் குழம்பிக் கொக்கோ ஆயிற்று. சுவீடன் நாட்டு நிலைத்திணை அறிஞர் இலின்னேயசு 1753-இல் அம்மரத்துக்கு அறிவியற் பெயர் வகுத்தபோது, கடவுளர் உணவு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லை முன்னே வைத்தார். தாயகத்து மக்களின் சொல் பின்னுறுப்பாய் நின்றது. தமிழர்க்கு வந்துசேர்ந்த கொக்கோ என்பது இவ்வாறு பல வாய்களில் தேய்ந்து வந்த சொல்லே.

கொட்டை கட்டியாகும் வழி

இம்மரத்தின் காய் கிளை நுனியில் காய்ப்பதில்லை; நம் பலாவைப் போல அடிமரத்திலும் பருங்கிளைகளிலும் காய்க்கும். ஒரு காய்க்குள் பெரும்பாலும் முப்பது முதல் ஐம்பது கொட்டைகள் வெண்மையான இனிய சதைக்குள் பொதிந்திருக்கும். பச்சைக் கொட்டையில் சாக்கலேட்டின் மணம் சிறிதும் இல்லை. சதையோடு கொட்டைகளைக் குவித்து வாழையிலையால் மூடியோ, மரப்பெட்டியில் இட்டோ ஐந்து முதல் ஏழு நாள்கள் புளிக்கவைத்தல் வேண்டும். சதை நொதித்து வெப்பம் ஏறும்போது கொட்டையின் உள்ளே நிகழும் மாற்றங்களே பின்னைய மணத்துக்கு அடிப்படை. பின்பு வெயிலில் உலர்த்துவர். இதுவரை உள்ள வேலை முழுதும் உழவன் முற்றத்தில் நடப்பது. புளிப்பு முறை பிழைத்தால், பின்னர் எப்பேர்ப்பட்ட பொறியாலும் அச்சுவையை மீட்க இயலாது.

உலர்ந்த கொட்டையை வறுத்து உமி நீக்கினால் பருப்புக் கிடைக்கும். அப்பருப்பின் எடையில் ஏறத்தாழப் பாதி கொழுப்பு. எனவே, அதனை அரைத்தால் தூளாகாமல், அரைக்கும் சூட்டில் இளகி, எள்ளை ஆட்டினாற்போல் விழுதாகும். இதுவே கொக்கோ விழுது. இவ்விழுதை அழுத்திப் பிழிந்தால் மஞ்சள் நிறக் கொழுப்பு வடியும். அது கொக்கோ வெண்ணெய். எஞ்சிய பிண்ணாக்கை இடித்துச் சலித்தது கொக்கோத் தூள். விழுது, வெண்ணெய், தூள் என்னும் இம்மூன்றையும் வேறு பிரித்தறிந்தால், கடையிலுள்ள அத்தனை வகைகளும் தெளிவாகிவிடும். அவை யாவும் இம்மூன்றின் கூட்டல் கழித்தலே.

பிழியும் முறையை நிலைநாட்டியது ஆலந்து நாட்டு வான் அவுட்டன் குடும்பம். 1828-இல் அதற்கு உரிமம் பெற்றது. தூளைக் காரப்பொருளால் பக்குவப்படுத்திப் புளிப்பைக் குறைத்து நிறத்தைக் கருமையாக்கும் முறையும் அக்குடும்பத்தினதே. அதுவரை சாக்கலேட்டு பெரிதும் குடிப்பதற்கே உரியதாயிருந்தது. பிரித்தெடுத்த வெண்ணெயை விழுதோடும் சருக்கரையோடும் மீண்டும் சேர்த்து, அச்சில் வார்த்துத் தின்னும் கட்டியாக 1847-இல் ஆக்கியது இங்கிலாந்தின் பிரிசுட்டல் நகரத்துப் பிரை நிறுவனம். 1875-இல் சுவிட்சர்லாந்தின் தானியேல் பீட்டர் பாலைச் சேர்த்தார். 1879-இல் அந்நாட்டின் உரொடோல்பு இலிண்டு, சங்கு வடிவத் தொட்டியில் இட்டு நெடுநேரம் உருட்டிக் குழைத்து, நாவில் நறநறக்காத மென்மையை ஏற்படுத்தினார்.

கொக்கோ வெண்ணெய்க்கு ஒரு தனிப்பண்பு உண்டு. குளிர்ந்த அறையில் அது கெட்டியாய் நின்று, பட்டென ஒடியும். மாந்த உடலின் சூட்டுக்குச் சற்றே தாழ்ந்த 34 பாகை அளவில் முழுதும் உருகும். வாயில் இட்டவுடன் கரைவது இதனால்தான். இது விலைமிக்க கொழுப்பு. மருந்துக் குழுமங்களும் ஒப்பனைப்பொருள் செய்வோரும்கூட இதனை நாடுவர். இதனை எடுத்துவிட்டு மலிவான வேறு கொழுப்பை நிரப்பினால் ஊதியம் பெருகும். சாக்கலேட்டு வழக்குகளின் வேர் இங்கேதான் உள்ளது.

வகைகளும் அளவுகளும்

ஐரோப்பிய ஒன்றியம் 2000-இல் வகுத்த நெறிமுறை, ஒவ்வொரு பெயருக்கும் அளவு குறித்துள்ளது. அடிப்படையான சாக்கலேட்டு என்னும் பெயரைத் தாங்குவதற்கு, உலர்ந்த கொக்கோப் பொருள் குறைந்தது 35 விழுக்காடு இருத்தல் வேண்டும். அதில் கொக்கோ வெண்ணெய் 18 விழுக்காட்டுக்குக் குறையலாகாது. பாலற்ற கருஞ்சாக்கலேட்டு இதன்பாற்படும். உறைமேல் 70 என்றோ 85 என்றோ காணும் எண், கொக்கோவின் மொத்தப் பங்கைக் குறிப்பது. அவ்வெண் உயர உயரச் சருக்கரை குறையும், கைப்பு மிகும். ஆயின், எண் மட்டுமே தரத்தைக் காட்டாது. கொட்டை புளித்த முறையும் வறுத்த முறையும் அந்த எண்ணுக்குள் அடங்கா.

பாற்சாக்கலேட்டில் கொக்கோ குறைந்தது 25 விழுக்காடும், உலர்ந்த பாற்பொருள் 14 விழுக்காடும் வேண்டும். அமெரிக்க ஒன்றிய நாடுகளிலோ பாற்சாக்கலேட்டுக்குக் கொக்கோ விழுது 10 விழுக்காடு இருந்தாலே போதும். ஒரே பெயர், கடல் கடந்தால் வேறு எல்லை!

வெண்சாக்கலேட்டில் விழுதும் இல்லை, தூளும் இல்லை. கொக்கோ வெண்ணெய், பால், சருக்கரை ஆகிய மூன்றே. வெண்ணெய் 20 விழுக்காட்டுக்குக் குறையலாகாது. கொக்கோவின் கருமை இல்லாததால் இதனைச் சாக்கலேட்டே அன்று என்பாரும் உளர். ஆனால் அதன் கொழுப்பு கொக்கோவினதாக இருக்கும்வரை அதற்கு உறவுரிமை உண்டு. அக்கொழுப்பும் போய்ப் பனைக்கொழுப்பு வந்தால், அது வெறும் வெண்கட்டி. 2017-இல் உலகச் சந்தைக்கு வந்த செந்நிறச் சாக்கலேட்டு, தேர்ந்த கொட்டைகளைத் தனிமுறையில் பக்குவப்படுத்திச் செய்வது.

பண்டங்களுக்கு மேற்பூச்சாகப் பயன்படுவது போர்வைச் சாக்கலேட்டு. பிரெஞ்சு மொழியில் கூவர்ச்சர் என்பர். எளிதில் இளகி மெல்லிய படலமாய்ப் படர வேண்டுமாதலின், இதில் கொக்கோ வெண்ணெய் 31 விழுக்காடு வேண்டும். இத்தாலியின் தூரின் நகரத்துச் சியாந்துயா வகையில், அரைத்த ஏசல் கொட்டை 20 முதல் 40 விழுக்காடு வரை சேரும். குடிப்பதற்கான இனிப்புத் தூளில் கொக்கோத் தூள் கால்பங்கேனும் இருத்தல் வேண்டும். எஞ்சியது பெரிதும் சருக்கரையே. கொக்கோத் தூள் வாங்குகிறோம் என்று எண்ணி, முக்காற்பங்கு சருக்கரையை வாங்கிச்செல்வோர் இதனைக் கருதிப்பார்க்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் புறத்தே நிற்பது, அடுமனையார் காம்பவுண்டு என்று வழங்கும் கட்டி. கொக்கோத் தூள், சருக்கரை, மலிவான நிலைத்திணைக் கொழுப்பு என்பவற்றின் கூட்டு அது. கொக்கோ வெண்ணெயை உருக்கிப் பயன்படுத்துவோர், அதன் படிகங்கள் ஒழுங்குற அமையும்படி வெப்பத்தைப் பதமாக ஏற்றி இறக்குதல் வேண்டும். தவறினால் மேலே வெண்பூச்சுப் படரும். காம்பவுண்டுக்கு அத்தொல்லை இல்லை. நம் நாட்டு வெயிலையும் ஓரளவு தாங்கும். எனவே, அது பயனற்ற பொருள் என்று சொல்வதற்கில்லை. தன் பெயரில் விற்கும்வரை அது நேரிய பொருளே. சாக்கலேட்டின் பெயரில் விற்கும்போதுதான் பொய்யாகிறது.

முப்பதாண்டு வழக்கு

1973-இல் பிரித்தானியா, அயர்லாந்து, தென்மார்க்கு ஆகிய நாடுகள் ஐரோப்பியப் பொருளியல் குமுகத்தில் சேர்ந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. அந்நாட்டினர் தம் சாக்கலேட்டில் கொக்கோ வெண்ணெயோடு வேறு நிலைத்திணைக் கொழுப்பையும் சிறிதளவு கலந்துவந்தனர். பிரான்சு, பெல்சியம், இத்தாலி முதலிய நாடுகளோ கொக்கோ வெண்ணெய் ஒன்றே தகும் என்றன. அவ்வாண்டின் நெறிமுறை இச்சிக்கலைத் தீர்க்காமல், கலந்தோர் கலக்கவும் கலவாதோர் விலக்கவும் விட்டுவைத்தது.

இருபுறத்தும் முறைமை இருந்தது. தலைமுறை தலைமுறையாகப் பழகிய சுவையைத் திடீரெனப் பொய்யென்பது எங்ஙனம் என்று பிரித்தானியர் வினவினர். பொருள் மாறினால் பெயரும் மாறவேண்டாவா என்று மறுபுறத்தார் வினவினர். இவ்விரு வினாக்கட்கும் அப்பால் மூன்றாம் வினா ஒன்றும் இருந்தது. வேறு கொழுப்புக் கலக்கும் அளவுக்குக் கொக்கோ வாங்குவது குறையுமே, அதனை விளைத்து வாழும் ஆப்பிரிக்க நாடுகள் என்னாகும் என்பதே அது.

இறுதியில் 2000-இல் வந்த நெறிமுறை, 5 விழுக்காடு வரை ஆறு வகைக் கொழுப்புகளைக் கலக்கலாம் என்று எல்லா உறுப்பு நாடுகளுக்கும் இசைந்தது. கலந்தால் உறைமேல் அதனைச் சொல்லியாக வேண்டும் என்றும் விதித்தது. அவ்வாறனுள் மாங்கொட்டைப் பருப்பின் கொழுப்பும், சால மரத்து விதைக் கொழுப்பும், மேற்குத் தொடர்ச்சி மலையின் கோக்கம் விதைக் கொழுப்பும் உள்ளன. இந்நாட்டுக் காட்டில் ஏழை மக்கள் பொறுக்கும் விதைகள் ஐரோப்பியச் சாக்கலேட்டுச் சட்டத்தில் இடம்பெற்றுள்ளமை இங்குப் பலர் அறியாதது.

இசுபெயினும் இத்தாலியும் அதற்குமுன் ஒரு வேலி இட்டிருந்தன. வேறு கொழுப்புக் கலந்ததைச் சாக்கலேட்டு மாற்று என்னும் பெயரில்தான் தம் நாட்டில் விற்கலாம் என்றன. 2003 சனவரியில் ஐரோப்பிய முறைமன்றம் அவ்வேலியைப் பிடுங்கியது. கலப்பு அப்பொருளின் தன்மையையே மாற்றிவிடவில்லை. மாற்று என்னும் சொல் வாங்குவோரிடம் இழிவெண்ணத்தை விளைக்கும் என்பது தீர்ப்பு. இத்தாலி விடவில்லை. கலவாத பொருளுக்குத் தூய சாக்கலேட்டு என்று தனிப்பெயர் வகுத்தது. 2010 நவம்பரில் அதுவும் தவறென்று தீர்ந்தது. கலக்கவில்லை என்னும் செய்தியை உறையில் வேறிடத்தில் எழுதிக்கொள்ளலாம். விற்பனைப் பெயரிலேயே தூய என்னும் அடைமொழியைக் கூட்டலாகாது என்றது மன்றம்.

அவையோரே! தூய என்னும் ஓர் அடைமொழிக்காக ஒரு நாடு முறைமன்றம் வரை சென்றது. பெயரைப் பற்றிய பேச்செல்லாம் வேலையற்றோர் பேச்சு என்று எள்ளுவோர்க்கு இதைவிட வேறு விடை வேண்டுவதில்லை. பெயரின் பின்னே சந்தை நிற்கிறது. சந்தையின் பின்னே உழவன் வயிறு நிற்கிறது.

பெயருக்கு எல்லை இருந்தால் என்ன நன்மை என்பதற்கும் அண்மைச் சான்று உண்டு. மேலை ஆப்பிரிக்காவில் மழை பிழைத்தும் மரநோய் பரவியும் விளைச்சல் குன்றியதால், 2024-இல் கொக்கோ விலை டன்னுக்குப் பத்தாயிரம் அமெரிக்கத் தாலரைத் தாண்டியது. ஆலையார் பலர் கொக்கோவைக் குறைத்தனர். அதன் விளைவாக 2025-இல் பிரித்தானியாவில் பெயர்பெற்ற இரண்டு பிசுக்கோத்து வகைகள் சாக்கலேட்டு என்னும் சொல்லை இழந்து, சாக்கலேட்டுச் சுவையுடையவை என்று உறையை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. அளவு குறைந்தவுடன் பெயரும் இறங்கிற்று. எல்லையற்ற நாட்டில் அளவு மட்டும் ஓசையின்றிக் குறையும். பெயர் இருந்த இடத்திலேயே இருக்கும்.

விளைத்தோர் கதை

பெயர்க்கு எல்லை வகுத்த அவைகள் ஒன்றிலும் கொக்கோ விளைப்போர் அமர்ந்திருந்ததில்லை. அவர்தம் வரலாற்றையும் அறிதல் வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், போர்த்துக்கீசியர் ஆண்ட சாவோ தொமே, பிரின்சிப்பெ தீவுகளில் அங்கோலாவிலிருந்து கொண்டுவந்த மக்களை ஒப்பந்தக் கூலி என்னும் பெயரில் அடிமைகளாக உழைக்கவைத்தனர். அடிமை என்னும் பெயரை மாற்றியதும் கொடுமை மறைந்ததென்று கணக்கிட்டனர். அக்கொக்கோவை வாங்கிய ஆங்கிலக் குழுமங்களுள் அறத்தைப் பேசிய கேட்பரியும் ஒன்று. செய்தி வெளிவந்து ஆண்டுகள் கடந்தபின், 1909-இல்தான் அதனை வாங்குவதை நிறுத்தியது. தன்னைக் குறைகூறிய செய்தித்தாள்மீது அக்குழுமம் தொடுத்த வழக்கில், அதே ஆண்டு வெற்றி அதற்கே கிட்டியது. ஆனால் நடுவர் குழு அளித்த இழப்பீடு ஒரேயொரு பார்த்திங்கு. ஆங்கில நாட்டின் மிகச் சிறிய செப்புக்காசு. அக்காசைவிடக் கூரிய தீர்ப்புரை வேறில்லை.

இன்று கானா எனப்படும் பொற்கரை நாட்டின் கதை வேறு. 1879-இல் தெத்தே குவாசி என்னும் கொல்லர், பெர்னாண்டோ போ தீவிலிருந்து கொக்கோ விதைகளைக் கொணர்ந்து மம்பொங்கு ஊரில் ஊன்றினார் என்று அந்நாட்டார் போற்றுகின்றனர். வெள்ளையர் பெருந்தோட்டங்களால் அன்றி, சிற்றுழவர் கைகளாலேயே அந்நாடு உலகின் முதல் கொக்கோ நாடாயிற்று. 1937-இல் ஐரோப்பிய வாணிகக் குழுமங்கள் தமக்குள் உடன்படிக்கை செய்துகொண்டு, போட்டியின்றி விலையைத் தாழ்த்த முனைந்தன. உழவர்கள் கொக்கோவை விற்க மறுத்தனர். விற்க மறுத்ததோடு நில்லாமல், ஐரோப்பியப் பண்டங்களை வாங்கவும் மறுத்தனர். 1938 ஏப்பிரல் வரை அந்நாட்டுக் கொக்கோ வாணிகம் ஏறத்தாழ முற்றும் நின்றது. இங்கிலாந்து அரசு நோவெல் என்பார் தலைமையில் உசாவற் குழு அமர்த்தியது. அக்குழு குழுமங்களின் உடன்படிக்கையைக் கைவிடுமாறு கூறியது. எழுத்தறியா உழவர்கள் என்று எண்ணப்பட்டோர், வாங்குவோர் ஒன்றுபடும்போது விற்போரும் ஒன்றுபட்டால் என்ன நிகழும் என்பதைக் காட்டினர்.

ஆனால் அவ்வெற்றி முழுவெற்றியன்று. இன்றும் ஐவரி கோசுட்டும் கானாவும் சேர்ந்து உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் விளைக்கின்றன. சாக்கலேட்டின் விலையில் பெரும்பங்கு பிற நாடுகளிலேயே தங்குகிறது. 2019-இல் இவ்விரு அரசுகளும் கூடி, டன்னுக்கு 400 தாலர் வாழ்வூதியக் கூடுதலாகத் தருமாறு வாங்குவோர்க்கு விதித்தன. 2024-இல் சந்தை விலை விண்ணைத் தொட்டபோதோ, விளைச்சலைப் பழைய விலைக்கே முன்கூட்டி விற்றிருந்தமையால், அவ்வுயர்வு அவ்வாண்டு உழவர்க்கு முழுமையாகக் கிட்டவில்லை. 2020-இல் சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வமைப்பு வெளியிட்ட அறிக்கையின்படி, இவ்விரு நாடுகளின் கொக்கோத் தொழிலில் ஈடுபடும் சிறாரின் தொகை ஏறத்தாழ 15 இலக்கத்து 60 ஆயிரம். பிள்ளைகளின் மகிழ்ச்சிக்கென்று விற்கும் பண்டம், வேறு பிள்ளைகளின் கையில் வெட்டரிவாளைக் கொடுத்துள்ளது.

தமிழ் நிலத்தில் கொக்கோ

இம்மரம் தமிழ் நிலத்துக்கு முற்றும் அயலன்று. 1798-இல் கிழக்கிந்தியக் குழுமம் குற்றாலத்தில் கிரியோலோ வகைக் கொக்கோவை நட்டுப் பார்த்தது. எனினும் வாணிகப் பயிராய்த் தென்னாட்டில் அது வேரூன்றியது 1965-க்குப் பின்னரே. கேட்பரி குழுமம் அவ்வாண்டு வயநாட்டில் காட்டுத்தோட்டம் அமைத்து, கேரள உழவரைக் கொக்கோ பயிரிடத் தூண்டியது. பயிர் பெருகிற்று, 1980-ஐ ஒட்டி உலக விலை சரிந்தது, வாங்குவோர் பின்வாங்கினர், பலர் மரங்களை வெட்டி எறிந்தனர். அந்நெருக்கடியில் உழவரிடமிருந்து கொக்கோவை வாங்க முன்வந்தது, பாக்கு விளைப்போர் 1973-இல் மங்களூரில் அமைத்த காம்ப்கோ என்னும் கூட்டுறவு. 1986-இல் அக்கூட்டுறவு புத்தூரில் தன் சொந்தச் சாக்கலேட்டு ஆலையையே நிறுவியது. வாங்குவோன் கைவிட்டபோது, விளைப்போன் ஆலையானான். இதனைத் தமிழுழவர் ஒவ்வொருவரும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

தமிழ்நாட்டில் பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதிகளில் தென்னை நிழலில் ஊடுபயிராகக் கொக்கோ விளைகிறது. ஆங்கிலர் நாவில் தென்னையோடு குழம்பிய சொல்லுக்குரிய மரம், ஈண்டுத் தென்னையின் நிழலிலேயே நிற்பது பொருத்தமான காட்சிதான். அவ்வுழவருட் சிலர் கொட்டையைப் பச்சையாக விற்றுவிடாமல், தாமே புளிக்கவைத்து உலர்த்தி விற்கின்றனர். இப்பகுதிக் கொட்டையைக் கொண்டே கட்டி வார்க்கும் சிறு ஆலைகளும் எழுந்துள்ளன.

இன்னொரு பெருமையும் உண்டு. இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கொட்டை தொடங்கிக் கட்டி வரை தாமே செய்யும் சிறு ஆலையார் பெருகினர். இலிண்டின் காலத்திலிருந்து பேராலைகட்கே உரியனவாயிருந்த பெரும்பொறிகளை வாங்க அவர்க்கு வகையில்லை. அவருட் பலர் தேர்ந்துகொண்டது எதை? தென்னாட்டு வீடுகளில் இட்டலிக்கு மாவாட்டும் மேசைக் கல்பொறியை! சற்றே மாற்றியமைத்த அப்பொறியின் கருங்கல் உருளைகளே கொக்கோ விழுதை மணிக்கணக்காக ஆட்டிக் குழைக்கின்றன. அரிசியும் உளுந்தும் ஆட்டப் பிறந்த கருவி, உலகின் சிறந்த சாக்கலேட்டு சிலவற்றுக்குத் தாயாய் நிற்கிறது.

அக்கருவிக்குப் பேர்பெற்ற கோவையின் மாவாட்டும் பொறி, தன் பெயருக்குப் புவிசார் குறியீட்டுக் காப்பும் பெற்றுள்ளது. சிசிலித் தீவின் மோதிக்கா ஊரார், மிகுந்த சூடேற்றாமல் சருக்கரை மணிகள் நறநறக்கச் செய்யும் தம் பழமுறைச் சாக்கலேட்டுக்கு 2018-இல் அதுபோன்ற காப்பைப் பெற்றனர். பேராலைகள் குறையென்று கருதிய நறநறப்பையே அவ்வூரார் தம் உரிமையாக்கினர். தன் பொருளின் பெயருக்குத் தானே வேலியிடும் ஊர் விலைபேசும். இடாத ஊர் விலைபோகும்.

செய்யத்தக்கவை

முதலாவது, வாங்குவோர் உறையைப் படித்தல் வேண்டும். மூலப்பொருள் பட்டியலில் எது மிகுதியோ அதுவே முதலில் நிற்கும். சருக்கரை முன்னே நின்று, கொக்கோ வெண்ணெய் எங்கும் காணப்படாமல், நிலைத்திணைக் கொழுப்பு இரண்டாவதாய் நின்றால், அதனைச் சாக்கலேட்டு விலைக்கு வாங்க வேண்டா.

இரண்டாவது, சொல்லைக் காத்தல் வேண்டும். மிட்டாயை மிட்டாய் என்க. இனிப்புக் கட்டியை இனிப்புக் கட்டி என்க. கொக்கோ உள்ளதையே சாக்கலேட்டு என்க. இதற்கு நேரான தமிழ்ச்சொல் ஆக்குவோரும் பொருளை ஆராய்ந்தே ஆக்குதல் வேண்டும். காவிக்கண்டு என்றோர் ஆக்கம் வழங்குகிறது. கண்டு என்பது சருக்கரையைச் சுட்டும். காவி என்பது நிறத்தைச் சுட்டும். கொக்கோவைச் சுட்டும் உறுப்பு அதில் இல்லை. நிறத்தால் பெயரிட்டால் வெண்சாக்கலேட்டு எங்கே நிற்கும்? காவி நிறமூட்டிய வெறுஞ்சருக்கரை எங்கே நிற்கும்? பொருளின் உயிர் எதுவோ அதனைப் பற்றிநிற்கும் சொல்லே நிலைக்கும். அத்தகைய சொல் பிறக்கும்வரை, கொக்கோ என்றும் சாக்கலேட்டு என்றும் தமிழெழுத்தில் எழுதி, அவற்றுக்குரிய எல்லையைக் காப்பது, பொருந்தாச் சொல்லை விரைந்து புனைவதினும் நன்று.

மூன்றாவது, பொள்ளாச்சி உழவர் கொட்டை விற்போராக மட்டும் நின்றுவிடலாகாது. புளிக்கவைக்கும் பதமும், உலர்த்தும் பதமும், ஆட்டும் கருவியும் இம்மண்ணிலேயே உள்ளன. கூட்டுறவாய் இணைந்து, தம் ஊர்ப்பெயரைக் கட்டியின் நெற்றியிலேயே பொறித்து விற்கும் நாள் வரவேண்டும். 1937-இல் பொற்கரை உழவர் கொக்கோவை அடைத்துவைத்தது, தம் உழைப்புக்குப் பிறர் விலை வகுப்பதை ஏற்க மறுத்தே. மாயர் தம் கலத்தின்மேல் தம் சொல்லைத் தம் எழுத்தில் பொறித்ததும் அவ்வுரிமையின் பழைய வடிவமே.

விளைக்கும் கைக்கே விலை சொல்லும் உரிமை வேண்டும். ஆக்கும் கைக்கே பெயர் சொல்லும் உரிமை வேண்டும். உண்ணும் வாய்க்கு, உண்பது இன்னதென்று அறியும் உரிமை வேண்டும். இம்மூன்றையும் கேட்கத் தெரிந்த மக்களை எந்தப் பளபளப்புத் தாளும் ஏமாற்றாது.